டிஇஓ நாற்காலியா, வார்டு கவுன்சிலரா?

கேள்வி: வடசென்னையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். வயது 51. 1999-இல் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஆசிரியர் சங்கத்தில் மாவட்டப் பொறுப்பு வகித்திருக்கிறேன். அடுத்த மாவட்டக் கல்வி அலுவலர் (டிஇஓ) பதவி உயர்வுப் பட்டியலில், அதாவது பேனலில், என் பெயர் வரும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். இதற்கிடையே எங்கள் பகுதியில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் வீட்டுக்கே வந்து, “டீச்சர், அடுத்த மாநகராட்சி எலெக்‌ஷன்ல நீங்க நில்லுங்க. இந்த வார்டுல பாதிப் பேரு உங்ககிட்ட படிச்சவங்கதான்” என்றார். அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. என் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் ஒன்றரை வருடமாகக் காலி. பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவே பாதி நாளைத் தின்கிறது. மழை வந்தால் பள்ளி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். ஒன்பதாம் வகுப்பு முடிப்பதற்குள் பையன்கள் குடோன் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதையெல்லாம் மாற்ற அதிகாரம் வேண்டும். எந்த அதிகாரம் என்றுதான் தெரியவில்லை. என் கணவர், “ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கலாம்” என்கிறார். சக ஆசிரியர் ஒருவரோ, “கர்நாடகாவில், ஆந்திராவில் டீச்சர்களே எம்.எல்.சி. (சட்ட மேலவை உறுப்பினர்) ஆகிறார்கள், வேலையை விடாமலே நிற்கலாம்” என்கிறார். வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத தலைமையாசிரியை, சென்னை

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியை அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் சக ஆசிரியர் சொன்னதை முதலில் ஒதுக்கிவைத்துவிடுவோம். அரசுப் பணியில் இருந்துகொண்டு நீங்கள் சட்டமன்றத்துக்கும் நிற்க முடியாது, மாநகராட்சிக்கும் நிற்க முடியாது. ஒரு கட்சியின் உறுப்பினர் அட்டையைக்கூட வாங்க முடியாது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் இதில் இடைவெளி எதுவும் வைக்கவில்லை. போட்டியிடுவது மட்டுமல்ல, ஓட்டுக் கேட்பதும் கூடாது. வேட்பாளரின் முகவராக வாக்குச்சாவடியில் உட்கார்ந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. தேர்தல் நாளில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நீங்களே எத்தனையோ முறை உட்கார்ந்திருப்பீர்கள். அந்த நாற்காலியை நம்பித்தான் எல்லாக் கட்சி முகவர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். விதி ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எம்.எல்.சி. விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. அரசமைப்புச் சட்டத்தின் 171-ஆவது பிரிவுப்படி, மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் அப்படி இருந்தது. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக இருந்த க. அன்பழகன், 1957-இல் எழும்பூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 1962-இல் சென்னை–செங்கல்பட்டு ஆசிரியர் தொகுதியிலிருந்து மேலவைக்குத் தேர்வானார். பின்னாளில் கல்வி அமைச்சர். நீங்கள் பதவி உயர்வு ஆணைக்காகக் காத்திருக்கிற கல்லூரிச் சாலை டிபிஐ எனப்படும் கல்வித் துறைத் தலைமையக வளாகத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

அந்த வாசல் 1986 நவம்பரில் மூடிவிட்டது. மேலவை கலைக்கப்பட்டது. 2010-இல் அதை மீண்டும் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும் அது நடைமுறைக்கு வரவில்லை. இன்னொன்றையும் உங்கள் சக ஆசிரியருக்குச் சொல்லுங்கள். ஆசிரியர் தொகுதியில் ஓட்டுப் போடத்தான் ஆசிரியராக இருக்க வேண்டும், நிற்பவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதே சென்னையின் பட்டதாரித் தொகுதித் தேர்தல் தொடர்பாகப் போன வழக்கில், பட்டதாரி அல்லாதவரும் நிற்கலாம் என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதாயம் தரும் அரசுப் பதவி வகிப்பவருக்குத் தகுதியின்மை என்கிற 191-ஆவது பிரிவு எல்லா மாநிலத்துக்கும் பொது. பெங்களூரில் இருந்தாலும் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க முடியும்.

ஆக, தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் அரசியலுக்குப் போவதென்றால் பணியைவிட்டு வெளியே வந்து, கட்சிச் சீட்டிலோ சுயேச்சையாகவோ மக்களிடம் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். வேறு வழி கிடையாது. அது தவறான பாதை என்று நான் சொல்லவில்லை. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். அவர் சட்டமன்றத்துக்குப் போனதால்தான் 1922-இல் ஆதி திராவிடர் என்ற பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது. கரும்பலகை முன்னால் நின்றவர்களுக்கு, எதைக் கேட்டால் எது மாறும் என்ற தெளிவு இருக்கும். சட்டமன்றத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் நிறையப் பேர் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கண் வட்டச் செயலாளர் பேச்சில் நிற்கவில்லை, அந்த நான்கு குறைகளில்தான் நின்றது. ஒவ்வொன்றும் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கணக்கு ஆசிரியர் பணியிடத்தை நிரந்தரமாக நிரப்புவது ஆசிரியர் தேர்வு வாரியமும் நிதித் துறையும் சேர்ந்த விவகாரம். டிஇஓவும் செய்ய முடியாது, கவுன்சிலரும் செய்ய முடியாது. ஆனால் இந்தக் கல்வியாண்டில் உங்கள் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த ஓர் ஆளை அனுப்ப டிஇஓ அலுவலகத்திலிருந்தே ஏற்பாடு செய்ய முடியும். எமிஸ் மாநில அளவிலான முடிவு. டிஇஓ தன் பங்குக்கு ஒரே புள்ளிவிவரத்தை மூன்று படிவத்தில் கேட்காமல் இருக்கலாம், அதுவே பெரிய நிம்மதி. வாசலில் தேங்கும் தண்ணீர் முழுக்க மாநகராட்சி வேலை. மழைநீர் வடிகால், வார்டு உதவிப் பொறியாளர், மண்டல அலுவலகம் என்று போகும். அங்கே டிஇஓ எழுதும் கடிதத்துக்கும் தலைமையாசிரியை எழுதும் கடிதத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, கவுன்சிலரின் குரலுக்கு உண்டு. இடைநிற்கும் பையன்கள் விஷயம் எல்லார் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் யாரும் முழுதாக எடுத்துச் செய்வதில்லை.

டிஇஓ அதிகாரம் எப்படி இருக்கும் என்பதற்கு, பணியில் இருந்தபோது நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாவட்டத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்தும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. நகரத்துப் பள்ளியில் இருவர் உபரி. அந்த டிஇஓ அம்மா பட்டியலை எடுத்தார், பேருந்து நேரத்தை விசாரித்தார், அரைப் பக்கத்தில் ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பும் ஆணையைத் தயாரித்து மதியத்துக்குள் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். மாலை நாலரை மணிக்கு முதல் போன் வந்தது. ஆசிரியருக்குத் தெரிந்த ஒரு கட்சிப் பிரமுகர். அடுத்தது சங்கத்திலிருந்து. மூன்றாவது, மேலிடத்திலிருந்து “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்” என்ற மென்மையான வார்த்தை. அந்த அம்மா மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: “பொதுத்தேர்வு முடிஞ்ச மறுநாள் அவரைத் திருப்பி அனுப்பிடறேன் சார், அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் இல்லை.” ஆணை மாறவில்லை. அந்த வருடம் அந்தப் பள்ளியில் கணக்கில் தேறிய பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. டிஇஓ பதவியின் பெருமையும் கஷ்டமும் ரெண்டும் இந்த ஒரு நாளில் இருக்கிறது.

மற்ற நாட்கள் இப்படி இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியார் பள்ளி அங்கீகாரப் புதுப்பிப்புக் கோப்பு, தகவல் உரிமைச் சட்ட மனு, முதல்வரின் முகவரித் துறையிலிருந்து வந்த புகார், நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்கு எதிர்மனு, மார்ச் வந்தால் வினாத்தாள் கட்டுக்காப்பு மையம். 2022 சீரமைப்புக்குப் பிறகு தொடக்கக் கல்விக்கு, இடைநிலைக் கல்விக்கு, தனியார் பள்ளிகளுக்கு என்று டிஇஓக்கள் பிரிந்திருக்கிறார்கள். தனியார் பள்ளிகள் பிரிவில் போட்டால் கட்டடச் சான்றும் தீயணைப்புச் சான்றும்தான் உங்கள் உலகம். கலந்தாய்வில் வாய்ப்பிருந்தால் இடைநிலையைக் கேளுங்கள். உங்கள் மனக்குறை அங்கேதான் இருக்கிறது.

அதிகாரியாக இருந்துகொண்டே ஒரு மாநிலத்தின் கல்வியை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்பதற்கு நெ.து. சுந்தரவடிவேலுவுக்கு மேல் ஓர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. காமராஜர் முதலமைச்சர், சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சர், இவர் பொதுக்கல்வி இயக்குநர். 1956-இல் மதிய உணவுத் திட்டம் விரிந்ததில், ஊர் ஊராகப் போய் மக்களிடமிருந்தே பள்ளிக்கு நிலமும் மேசையும் கட்டடமும் வாங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், அவர் உழைப்பு அசாத்தியமானது. பிறகு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அவர் எந்தத் தேர்தலிலும் நின்று அந்த இடத்துக்கு வரவில்லை. அதே நேரம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு முதலமைச்சர் மேலே உட்கார்ந்து ‘செய்யுங்கள்’ என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவராலும் முடிந்திருக்காது. இந்த இரண்டு நாற்காலிகளும் ஒன்றையொன்று தேடுகிறவை. ஒருவரே இரண்டிலும் உட்கார முடியாது, அவ்வளவுதான்.

மேலே போகப் போக அந்த நாற்காலியின் எல்லையும் தெரிந்துவிடும். 2021-இல் பள்ளிக்கல்வி இயக்குநரின் அதிகாரம் ஐ.ஏ.எஸ். ஆணையரிடம் போனதும், 2023-இல் இயக்குநர் பதவி திரும்பி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியராகத் தொடங்கியவர் எட்டக்கூடிய உச்சமான அந்த இடமே ஓர் அரசாணையில் போய் வரக்கூடியது. கொள்கை முடிவு தலைமைச் செயலகத்தில். அதைப் பிள்ளைகள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிஇஓ, சிஇஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) வேலை. இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொள்ள மனம் வந்தால்தான் அந்த வேலையில் நிம்மதி.

இனி வார்டு. கவுன்சிலர் என்றால் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு என்று நினைத்து யாரும் அதைச் சின்னதாகப் பேசினால் நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது பற்றிய பேச்சு தொடங்கிய இடங்களில் ஒன்று நம் ரிப்பன் மாளிகை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க மன்றம் தீர்மானம் போட்டது. சில ஆண்டுகளில் ஆங்கிலேய அரசு செலவுக்கு அனுமதி மறுத்து அது நின்றுபோனாலும், விதை அங்கே விழுந்தது. இன்றும் சென்னை மாநகராட்சி சொந்தமாகப் பள்ளிகள் நடத்துகிறது. மன்றத்தில் கல்விக்கென்று தனி நிலைக்குழு இருக்கிறது. அதில் உங்களைப் போல ஒருவர் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், உங்கள் பள்ளி அந்தக் குழுவின் கீழ் வராது. நீங்கள் வேலை பார்ப்பது அரசுப் பள்ளி, பள்ளிக்கல்வித் துறையின் கீழ் உள்ளது. கவுன்சிலராக அதன் வாசல் தண்ணீரை நீங்கள் வடித்துவிடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடமுண்டு. ஆனால் உள்ளே கணக்கு ஆசிரியர் வருவதற்கு நீங்கள் யாரிடம் போய் நிற்பீர்கள் தெரியுமா? டிஇஓவிடம்.

உங்கள் வார்டில் மக்கள் குறைகளைக் கேட்க நடக்கும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் குடியிருப்பவராக, எந்தக் கட்சிக்காரர் பக்கத்திலும் நிற்காமல், பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். கழிவுநீர் அடைப்பு, நாய்த்தொல்லை, முதியோர் உதவித்தொகை, பட்டா. நான் போன கூட்டங்களில் பள்ளியைப் பற்றி ஒருவர்கூட வாய் திறந்து கேட்டு நான் பார்க்கவில்லை. கவுன்சிலரின் போன் காலை ஐந்தரைக்கே அடிக்கத் தொடங்கும், எதிர்முனையில் தண்ணீர் லாரி வராத கோபம் இருக்கும். அந்தக் கோபத்தைப் பொறுமையாகக் கேட்டுத் தீர்த்துவைத்த பிறகுதான், ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பற்றிப் பேச உங்களுக்கு நேரம் கிடைக்கும். அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கலாம். சங்கப் பொறுப்பில் இருந்தவர், கூட்டத்தைச் சமாளித்திருப்பீர்கள். ஆனால் சங்கத்தில் எதிரே இருப்பவரும் ஆசிரியர், பேச்சு ஒரே மொழியில் நடக்கும். வார்டில் அப்படி நடக்காது.

பெண் வேட்பாளர் என்பதால் இன்னொன்று. 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. அந்தப் பாதியில் எத்தனை இடங்களில் போனை எடுப்பது கணவர், கூட்டத்தில் பேசுவது கணவர் என்று உங்களுக்கே தெரியும். கட்சிகள் உங்களைப் போன்றவர்களைத் தேடி வருவதற்கு உங்கள் நற்பெயர் ஒரு காரணம், மகளிர் ஒதுக்கீட்டில் நிறுத்த ஓர் ஆள் வேண்டும் என்பது இன்னொரு காரணம். எந்தக் காரணத்துக்காக வந்தார் என்று அந்த வட்டச் செயலாளரிடம் நேராகவே கேட்கலாம். ஜெயித்த பிறகு வார்டில் எந்த வேலை முதலில், ஒப்பந்ததாரர் விஷயத்தில் யார் சொல் எடுபடும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

நீங்கள் கவனிக்காத இடம் தேதிக் கணக்கு. நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைத்தான். 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் ஜனவரி 26 அன்று அறிவிக்கப்பட்டது. 28-ஆம் தேதியே வேட்புமனுத் தாக்கல் தொடங்கியது. பிப்ரவரி 4-இல் முடிந்தது. 19-இல் வாக்குப்பதிவு. அறிவிப்புக்கும் மனுத் தாக்கல் முடிவுக்கும் நடுவே பத்து நாள்கூட இல்லை. கட்சிகளின் பட்டியல் மனுத் தாக்கல் நடக்கும்போதேதான் வெளியானது. உங்களுக்கோ, விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், அது ஏற்கப்பட்டு ஆணை கைக்கு வந்திருக்க வேண்டும். அதாவது சீட்டு உங்களுக்கா என்பது தெரிவதற்கு மாதங்களுக்கு முன்பே வேலையை விட்டிருக்க வேண்டும். வார்டு ஒதுக்கீடும் சுழற்சியில் மாறும். இன்று பொதுவாக இருக்கும் வார்டு நாளை வேறு பிரிவுக்கு ஒதுக்கப்படலாம். ஒரு வாய்மொழியை நம்பி 27 வருடப் பணியை முடித்துக்கொண்டு, கடைசி நேரத்தில் பட்டியலில் வேறு பெயர் வந்தால் வட்டச் செயலாளர் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சீட்டுத் தரும் அதிகாரம் அவரிடம் என்றைக்குமே இருந்ததில்லை.

ஓய்வூதியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பு பணியில் சேர்ந்ததால் நீங்கள் பழைய ஓய்வூதியத்தில் இருக்கிறீர்கள். என்றைக்காவது வெளியே வருவதானால் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். 50 வயது நிறைந்தவர் அல்லது 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவர் விருப்ப ஓய்வில் செல்ல அடிப்படை விதி 56(3) இடம் கொடுக்கிறது. உங்களுக்கு இரண்டும் பொருந்தும். முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். அதில் உங்களுக்கு வெயிட்டேஜ், அதாவது விருப்ப ஓய்வில் போகிறவருக்குக் கூடுதலாகச் சேர்த்துத் தரும் பணிக்காலம், எத்தனை ஆண்டு சேரும் என்பதைக் கண்காணிப்பாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வராமல் கணக்குப் போட்டு எழுத்தில் வாங்குங்கள். டிஇஓவாகிச் சில ஆண்டுகள் வேலை பார்த்தால் கடைசி ஊதியம் உயரும், ஓய்வூதியமும் அதற்கேற்ப உயரும். கவுன்சிலருக்கு 2023 முதல் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதில் உங்கள் வார்டு அலுவலகத்துக்கு வருகிறவர்களின் டீச்செலவுதான் ஓடும். நேர்மையாக இருக்க நினைக்கிற கவுன்சிலருக்கு வேறு நிலையான வருமானம் ஒன்று வேண்டும். முழு ஓய்வூதியம்போல அதற்கு உதவுவது வேறெதுவும் கிடையாது.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். டிஇஓ பதவி உயர்வை ஏற்றுக்கொள்ளுங்கள். பதவி உயர்வு வேண்டாம் என்று உரிமை விடல் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் சில ஆண்டுகளுக்குப் பெயர் பட்டியலுக்கு வராது. உங்கள் கடிதத்தில் இருக்கிற வேதனையில் பெரும்பகுதி ஓர் அதிகாரி நாளை காலையே கை வைக்கக்கூடிய வேதனை. ஒரு பள்ளியில் கற்றுக்கொண்டதை நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் செய்து பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பு எல்லாருக்கும் வராது. சங்கத் தோழர்களில் சிலர் “அந்தப் பக்கம் போய்ட்டீங்க” என்பார்கள். காது கொடுத்துக் கேளுங்கள், கோபப்படாதீர்கள். அவர்கள் வாசலில் வந்து கோஷம் போடும் நாளில், அவர்கள் கேட்பதில் எது நியாயம் என்று சட்டென்று தெரிகிற அதிகாரியாக நீங்கள் இருப்பீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். 60 வரை கட்டாயம் காத்திருக்க வேண்டும் என்றில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் டிஇஓவாக இருந்த பிறகு, 30 ஆண்டுப் பணியும் நிறைந்திருக்கும்போது, இன்னும் இதே எண்ணம் இருந்தால் விருப்ப ஓய்வில் வாருங்கள். அப்போது ஒரு வார்டின் மழைநீரை மட்டுமல்ல, ஒரு கல்வி மாவட்டம் எங்கே ஒழுகுகிறது என்பதையும் அறிந்தவராக வருவீர்கள். கவுன்சிலர் என்ன, சட்டமன்றத்துக்கே கேளுங்கள். வயதாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். கல்லூரி ஆசிரியராக, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக, மாநில மகளிர் ஆணையத் தலைவராக இருந்த வே. வசந்தி தேவி, 2016-இல் எழுபதைத் தாண்டிய வயதில் ஆர்.கே. நகரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவை எதிர்த்து நின்றார். தோற்றார். ஆனால் அரசுப் பள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் பேசியதை அந்தத் தோல்வி நிறுத்தவில்லை, கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார். உங்கள் வடசென்னையில்தான் அவர் ஓட்டுக் கேட்டு நடந்தார்.

கட்சியிலும் சேராமல், டிஇஓ ஆணை வரும்வரை சும்மாவும் இருக்க வேண்டாம் என்று தோன்றினால், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பாடநூல், பயிற்சிக் கட்டகப் பணிகளுக்கு ஆசிரியர்களைக் கேட்கும்போது பெயர் கொடுங்கள். 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களை எழுதியவர்களில் நிறையப் பேர் உங்களைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள்தான்.

வட்டச் செயலாளருக்கு என்ன சொல்வது என்ற தர்மசங்கடம் இருக்கும். பழைய மாணவர்களின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பார். “நம்பி வந்து கேட்டீங்க, ரொம்ப சந்தோஷம். சர்வீஸ்ல இருக்கிற வரைக்கும் இந்தப் பேச்சே நான் பேசக்கூடாது” என்று சொல்லி அனுப்புங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். கட்சி விழாவில் சால்வை போட்டுக்கொள்வதும், வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்தியைப் பகிர்வதும், பொங்கல் வாழ்த்து பேனரில் உங்கள் போட்டோ வருவதும் இந்த நேரத்தில் ஆபத்து. பேனரில் உங்களைக் கேட்காமலே போட்டுவிடுவார்கள், போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பேனல் தயாராகும் சமயத்தில் ஒரு மொட்டைக் கடிதம் போதும், விளக்கம் கேட்டு மெமோ வந்துவிடும். 17பி எனப்படும் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் பதவி உயர்வும் நிற்கும், விருப்ப ஓய்வும் நிற்கும்.

அதனால் இந்த வாரமே உங்கள் பணிப்பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பாருங்கள். தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, துறைத் தேர்வுகள், விடுப்புக் கணக்கு எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் நீங்கள் இருந்தீர்களா என்று எழுதவில்லை. சங்கப் பொறுப்பாளர், இருந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அப்போது கொடுக்கப்பட்ட 17பி நடவடிக்கைகள் பின்னர் கைவிடப்பட்டன. ஆனால் குறிப்பாணை பதிவேட்டில் ஏறி, கைவிட்ட ஆணை ஏறாமல் விட்டுப்போன பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளியின் தணிக்கைத் தடைகளில் உங்கள் காலத்தைச் சேர்ந்தது எதுவும் நிலுவையில் இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள். பழைய சத்துணவுக் கணக்கு, விலையில்லாப் பொருள்களின் இருப்புப் பதிவேடு, இந்த இரண்டில்தான் வழக்கமாகச் சிக்கும். பதிவேட்டில் அந்த ரத்து ஆணை இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். சிஇஓ அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, எந்த ஆணையை இணைப்பது என்று அனுப்பிவைக்கிறேன்.